பிறந்த தேதி ஒரு நாள் முன்னாடி காட்டுதா? இணையதளங்களைக் குழப்பும் ஐந்தரை மணி நேரக் கணக்கு!

ஆன்லைன் விண்ணப்பத்தில் பிறந்த தேதியை ஜனவரி 15 என்று சரியாகத்தான் தேர்வு செய்கிறீர்கள். சமர்ப்பித்த பிறகு திறந்து பார்த்தால் ஜனவரி 14 என்று இருக்கிறது. நாம்தான் தவறாக அழுத்திவிட்டோமோ என்று நினைப்பீர்கள். ஆனால் பல நேரங்களில் தவறு உங்கள் விரலில் இல்லை, அந்த இணையதளம் நேரத்தைக் கையாளும் விதத்தில்தான். சான்றிதழில் ஒரு தேதி, விண்ணப்பத்தில் வேறு தேதி என்றால் அலைச்சல் நமக்குத்தானே? இது ஏன் நடக்குது, எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

யுடிசி என்றால் என்ன?

உலகம் முழுவதற்குமான பொது நேரம்தான் யுடிசி. இந்திய நேரம் இதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. துபாய் 4 மணி நேரம், நேபாளம் 5 மணி 45 நிமிடம், சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால் இருக்கின்றன. பெரும்பாலான சர்வர்கள் நேரத்தை யுடிசி கணக்கில்தான் சேமிக்கின்றன. உங்கள் போன் அதை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் சிங்கப்பூரில் இருப்பவருக்கு நீங்கள் இரவு 8 மணிக்கு அனுப்பும் மெசேஜ், அவர் போனில் இரவு 10.30 என்று காட்டுவது இப்படித்தான்.

ஒரு நாள் எப்படிக் காணாமல் போகுது?

காலண்டரில் ஒரு தேதியை அழுத்தியதும், பல இணையதளங்கள் அதை அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கின்றன. இந்தியாவில் ஜனவரி 15 பிறக்கும் அந்த நொடியில், யுடிசி கணக்கில் ஜனவரி 14 மாலை 6.30 மணிதான். சர்வருக்குப் போகும்போது நேரத்தை வெட்டிவிட்டு தேதியை மட்டும் எடுத்தால், மிஞ்சுவது 14தான். டேட்டாபேஸில் தேதிகளுக்குப் பக்கத்தில் வரிசையாக 18:30 என்று நின்றால், இந்தக் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. நேரம் இல்லாமல் தேதி மட்டும் 2024-01-15 என்று எழுதப்பட்டிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நியூயார்க்கில் அப்போது ஜனவரி 14 இரவு 7 மணி. அங்கே திரையில் 14 என்று வரும். அதே பக்கத்தை இந்தியாவில் திறந்தால் 15 அதிகாலை 5.30, அதாவது சரியான தேதியே தெரியும். இங்கே உட்கார்ந்து சோதிப்பவர் கண்ணில் இந்தத் தவறு படாமல் போவது இதனால்தான்.

கடைசி தேதியிலும் சிக்கல்!

'கடைசி நாள் ஜனவரி 15' என்று போட்டுவிட்டு, அதை யுடிசி நள்ளிரவாகப் பதிவு செய்தால் என்ன ஆகும்? இந்திய நேரப்படி 15ஆம் தேதி அதிகாலை 5.30க்கே விண்ணப்பம் மூடிவிடும். கடைசி நாள் முழுவதும் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு ஒரு நாளே பறிபோகும்.

தேதி வேறு, தருணம் வேறு

அடிப்படைத் தவறு இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான். பணம் அனுப்பிய நேரம், மெசேஜ் வந்த நேரம் எல்லாம் தருணங்கள். இவற்றை யுடிசியில் சேமித்து, பார்ப்பவரின் ஊர் நேரத்தில் காட்டலாம். பிறந்த நாள், திருமண நாள், விடுமுறை நாள் எல்லாம் வெறும் தேதிகள். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் பிறந்த நாள் மாறாது இல்லையா? அதனால் இவற்றை நேரம் எதுவும் ஒட்டாமல் தேதியாகவே சேமித்து, தேதியாகவே காட்ட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் அந்த ஊர் நேரத்திலும், சேரும் நேரம் சேரும் ஊர் நேரத்திலும் இருக்கும். பயணி எந்த நாட்டில் இருந்து பார்த்தாலும் இது மாறக்கூடாது.

+5.30 என்று மட்டும் எழுதி வைத்தால் போதாதா?

இந்தியாவுக்கு இப்போது போதும். எல்லா நாட்டுக்கும் போதாது. லண்டனில் காலை 10 மணி மீட்டிங் என்றால், குளிர்காலத்தில் நமக்கு பிற்பகல் 3.30. கோடையில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதால் அதுவே 2.30.

அரசுகள் விதியையே மாற்றுவதும் உண்டு. இலங்கை 1996இல் இரண்டு முறை நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் 5.30க்கே திரும்பியது. 2023 மார்ச்சில் லெபனான் அரசு, சில நாட்களே இருக்கும்போது கோடை நேர மாற்றத்தைத் தள்ளிவைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. இடைப்பட்ட நாட்களில் அங்கே போன்கள் ஒரு நேரம், அரசு ஒரு நேரம் என்று குழப்பம்.

இதற்காகவே ஆசியா/கொல்கத்தா, ஐரோப்பா/லண்டன் போன்ற பெயர்களில் ஒவ்வொரு பகுதியின் நேர வரலாற்றையும் வைத்திருக்கும் பொதுத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. போன்களும் கணினிகளும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

டெவலப்பர்கள் கவனிக்க வேண்டியவை

* நடந்து முடிந்த நிகழ்வுகளை யுடிசியில் சேமிக்கவும்.
* எதிர்கால மீட்டிங் என்றால் உள்ளூர் நேரத்தையும் நேர மண்டலத்தின் பெயரையும் சேர்த்தே சேமிக்கவும். இடையில் விதி மாறினாலும் கணக்கு தப்பாது.
* நேர மாற்றத்தை நீங்களே கூட்டிக் கழிக்க வேண்டாம். பிரவுசரிலேயே அதற்கான வசதி இருக்கிறது.
* இந்திய நேரம் நள்ளிரவு 12 முதல் 5.30 வரை யுடிசியில் முந்தைய நாள். 'இன்று' என்று காட்டும் பக்கங்களை அந்த நேரத்துக்கும் சோதிக்கவும்.
* ஐஎஸ்டி என்று மட்டும் போடாதீர்கள். இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றுக்கும் அதே சுருக்கம்தான்.

நீங்க என்ன செய்யலாம்?

போனில் நேரமும் நேர மண்டலமும் தானாக மாறும்படி வைத்திருங்கள். வெளிநாட்டு நேர்காணல் என்றால் 'எந்த ஊர் நேரம்?' என்று கேட்டு உறுதி செய்யுங்கள். முக்கியமான விண்ணப்பத்தைச் சமர்ப்பித்ததும், பதிவான தேதியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு நாள் குறைந்திருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உடனே உதவி மையத்துக்கு அனுப்புங்கள். கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒரு நாள் முன்பே முடித்துவிட்டால் இந்த ஐந்தரை மணி நேரம் உங்களை ஒன்றும் செய்யாது.