கண்டியில் நடந்த புதையல் வேட்டை

ஞாயிறு இதழின் கடைசிப் பக்கம் அச்சுக்குச் சென்ற பின்னர் வீடு திரும்பும் சனிக்கிழமை இரவுகளில் கனமான எதையும் பார்க்க மனம் இடங்கொடுப்பதில்லை. வாரம் முழுவதும் அறிக்கைகளோடும் மறுப்பறிக்கைகளோடும் மல்லுக்கட்டியவனுக்கு வேண்டியவை ஒரு தொப்பி, ஒரு சவுக்கு, துரத்திவரும் வில்லன்கள், இறுதியில் கிடைத்தே தீரும் ஒரு புதையல். கடந்த சனிக்கிழமையும் ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ படத்தைப் பார்த்தேன். எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை.

கதை 1935 ஆம் ஆண்டில் நடப்பது. வட இந்தியக் கிராமமொன்றின் புனிதக் கல் களவு போகிறது, பிள்ளைகளும் கடத்தப்படுகின்றனர். பேரும் புகழும் தேடிவந்த தொல்லியலாளர் ஜோன்ஸ் இரண்டையும் மீட்டுக் கொடுக்கிறார். அரண்மனை விருந்தில் பரிமாறப்படும் வண்டுகளும் குரங்கு மூளையும் எந்த இந்தியச் சமையலறையிலும் காணக் கிடைக்காதவை. இத்தகைய சித்திரிப்பை ஏற்காத இந்திய அரசு, திரைக்கதையில் மாற்றங்கள் கோரியது. படக்குழு உடன்படவில்லை. ஜெய்ப்பூரில் நடைபெறவிருந்த படப்பிடிப்பு இலங்கைக்கு இடம்பெயர்ந்தது இவ்வாறுதான்.

1983 ஏப்ரல் 18 ஆம் திகதி கண்டியில் படப்பிடிப்புத் தொடங்கியது. ஹந்தானை மலைச்சாரல் வட இந்தியக் கிராமமாயிற்று. சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி.ஆர். நாணயக்கார ஊர்ப் பூசாரியானார். அப்போது மகாவலியின் குறுக்கே விக்டோரியா அணை கட்டப்பட்டுக் கொண்டிருந்தது. அங்கு பணியாற்றிய பிரித்தானியப் பொறியியலாளர்களின் உதவியுடனேயே, உச்சக்கட்டத்தில் அறுந்துவிழும் தொங்குபாலம் அமைக்கப்பட்டது. மே மாதத் தொடக்கத்தில் ஸ்பீல்பேர்க்கின் குழு இங்கிலாந்தின் கலையகத்துக்குச் சென்றுவிட்டது.

அதன்பின் மூன்று மாதங்கள் கூடச் செல்லவில்லை. யூலை 24 ஆம் திகதி இரவு கொழும்பில் மூண்ட தமிழருக்கெதிரான வன்செயல், 26 ஆம் திகதி கண்டியையும் எட்டியது. கொழும்பில் எங்கள் வீடும் எரிந்தது. பாடசாலையொன்றில் அமைந்த அகதி முகாமில் சில நாட்கள் தங்கியிருந்து, பின்னர் கப்பலில் காங்கேசன்துறைக்குச் சென்றோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கப்பலின் மேற்தளத்தில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததை இன்றும் மறக்கவில்லை.

இப்படத்தை முதன்முதலில் பார்த்தது சில ஆண்டுகளின் பின்னர், யாழ்ப்பாணத்தில். தொலைக்காட்சியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் இரைச்சலுக்கு நடுவே முற்றத்தில் விடியவிடியப் படம் பார்த்த காலம் அது. கிராமத்துக் காட்சி வந்ததும் முன்வரிசையிலிருந்த பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “உதென்னடா, இந்தியாவிலை ஆக்கள் சிங்களம் கதைக்கினம்?” என்றார். முற்றம் முழுவதும் சிரித்தது. எங்களை விரட்டிய மொழி என்று அதுவரை நான் அஞ்சியிருந்த சிங்களத்தைக் கேட்டு, அன்றுதான் மீண்டும் அச்சமின்றிச் சிரித்தேன்.

ஆயினும் அன்று என்னைக் கவர்ந்தவன் ஜோன்ஸ் அல்லன். அவருடன் ஓடித்திரியும் ‘ஷோர்ட் ரவுண்ட்’ என்ற சிறுவன். என் வயதொத்தவன், எவருக்கும் அஞ்சாதவன். அவ்வேடத்தில் நடித்த கே ஹுய் குவான் யார் என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அறிந்தேன். 1971 இல் சைகோனில் சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 1978 இல் தந்தையுடனும் சகோதரர் ஐவருடனும் படகேறி, ஹொங்கொங் அகதி முகாமில் தங்கியவர். தாயும் ஏனைய சகோதரரும் மலேசியாவுக்குச் சென்றனர். மறு ஆண்டில் அமெரிக்காவில்தான் குடும்பம் ஒன்றுசேர்ந்தது. நடிகர் தேர்வுக்குச் சென்ற சகோதரருக்குத் துணையாகப் போனவரே தெரிவானார்.

ஆக, 1983 ஏப்ரலில் கண்டி மலைகளில் ஓடித்திரிந்த அச்சிறுவன் ஓர் அகதி. அதே நகரிலும் கொழும்பிலும் எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் மூன்று மாதங்களில் அகதிகளாகப் போகிறார்கள் என்பதை அன்று அறிந்தவர் எவருமில்லை.

வளர்ந்தபின் குவானுக்கு நடிக்க வாய்ப்புகள் அருகின. சண்டைக் காட்சி அமைப்பிலும் திரைக்குப் பின்னுள்ள வேறு பணிகளிலும் நீண்டகாலம் கழித்தார். 2023 மார்ச்சில், சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றபோது, தமது பயணம் ஒரு படகில் ஆரம்பித்ததையும் அகதி முகாமில் ஓராண்டு கழிந்ததையும் நினைவுகூர்ந்தார். அதே மேடையில், அவரது படத்துக்கே சிறந்த திரைப்பட விருதை அறிவித்தவர் ஹரிசன் போர்ட். நாற்பது ஆண்டுகளின் பின் இருவரும் கட்டித் தழுவியதைக் கண்டபோது, செய்தி எழுத உட்கார்ந்திருந்த எனக்குச் சிறிது நேரம் எழுத்து ஓடவில்லை.

வரலாற்றுப் பிழைகள் மலிந்த படந்தான், மறுப்பதற்கில்லை. இருந்தும், எங்கள் நாடு எரிவதற்கு முந்திய சித்திரை மாதத்து மலைச்சாரல் அதில் பசுமையாகப் பதிந்திருக்கிறது. அம்மலைச்சாரலில் என் வயதுடைய ஓர் அகதிச் சிறுவன் சிரித்துக்கொண்டு ஓடுகிறான். அடுத்த சனிக்கிழமை இரவும் அதைத்தான் பார்ப்பேன் போலிருக்கிறது.