தலைப்பில் கிடந்த ஒரு சொல்

அமெரிக்க இதயவியல் கல்லூரியின் 1987 ஆம் ஆண்டு இதழ்த் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுரைத் தலைப்பைத் தாண்டிப் போக முடியவில்லை. மார்பைத் திறக்காமல் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்கும் சந்தியை ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் ‘டெசிக்கேஷன்’ செய்ததாக அது சொன்னது. சோதனை நாய்களின் மீது நடந்தது.

டெசிக்கேஷன் என்றால் ஈரம் வற்ற உலர்த்துவது. வடாம், வற்றல் காயவைக்கும் வேலைக்குப் பொருந்துகிற சொல். ரத்தம் ஓயாமல் பாயும் இதயத்துக்குள் எதை உலர்த்துவது? இதே சிகிச்சையை இன்று ‘அப்லேஷன்’, அதாவது திசுவை அழித்தல், என்கிறார்கள். அந்தப் பழைய சொல் எங்கிருந்து வந்தது, ஏன் காணாமல் போனது? இந்த இரண்டு கேள்விகளோடு தேடத் தொடங்கினேன்.

முதல் தடயம் ஆசிரியர் பட்டியலில் இருந்தது. ஸ்டீபன் ஹுவாங், ஃபிராங்க் மார்கஸ் இருவரும் அரிசோனா பல்கலைக்கழக இதய மருத்துவர்கள். சரோஜா பாரதியும் மாரிஸ் லெவும் இதயத்தின் மின்கடத்தல் திசுக்களை ஆராய்வதில் பெயர்பெற்ற நோய்க்குறியியல் அறிஞர்கள். கடைசிப் பெயர் ஓடெல். அவர் மின் அறுவைக் கருவிகளை வடிவமைத்த பொறியாளர். மருத்துவர்களுக்கு நடுவே அவருக்கு என்ன வேலை என்று யோசித்தபோதே பாதி விடை கிடைத்துவிட்டது. இதயத்துக்குள் போன அந்த மின்சாரம், அறுவை அரங்கில் ரத்தக் கசிவை நிறுத்தும் கருவிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்தக் கருவியின் வேர் பாஸ்டனில் இருக்கிறது. வில்லியம் போவி உருவாக்கியதை, மூளை அறுவை வல்லுநர் ஹார்வி குஷிங் 1926 அக்டோபர் 1 அன்று அறுவை அரங்கில் முதன்முதலில் கையாண்டார். அதற்கும் முன்னால், 1891இல், பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் ஓர் உண்மையைக் கண்டிருந்தார்: மின்சாரம் நொடிக்குப் பத்தாயிரம் சுற்றுகளைத் தாண்டி அலைந்தால் தசை துள்ளுவதில்லை, வெப்பம் மட்டுமே உண்டாகிறது. கதீட்டர் அப்லேஷனில் பயன்படும் மின்சாரம் 300 முதல் 750 கிலோஹெர்ட்ஸ் வரை. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை இந்த எல்லைக்குள்தான் வருகிறது.

மின் அறுவைக்காரர்கள் இரண்டு வேலைகளைப் பெயர் சொல்லிப் பிரித்தார்கள். மின்முனையைத் திசுவில் தொடவைத்துச் சுட்டால் டெசிக்கேஷன். தொடாமல் பொறி பறக்கவிட்டால் ‘ஃபுல்குரேஷன்’. மின்னலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிறந்த சொல். இந்த இரண்டாவது சொல்லும் இதய ஆய்வேடுகளில் அகப்பட்டது. அதைப் பின்தொடர்ந்தபோது 1979ஆம் ஆண்டின் பிரெஞ்சு இதழ் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மருத்துவர் வெடெலும் சகாக்களும் அதில் ஒரு விபத்தைப் பதிவு செய்திருந்தார்கள். நோயாளியின் இதயத்துக்குள் கதீட்டர் இருந்த நேரத்தில் வெளியிலிருந்து ஷாக் கொடுக்க நேர்ந்தது. மின்சாரம் கதீட்டர் வழியே இறங்கி, மேலறை, கீழறைத் தொடர்பை நிரந்தரமாகத் துண்டித்துவிட்டது. இதை வேண்டுமென்றே செய்தால் கட்டுக்கடங்காத படபடப்பை நிறுத்தலாமே என்ற எண்ணம் பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவில் கொன்சாலெஸ் குழு நாய்களில் சோதித்து 1981இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அந்தக் குழுவின் ஷைன்மன் நோயாளிகளின் முடிவுகளை எழுதினார். ஆனால் சில நூறு ஜூல் மின்சாரம் ஒரே அடியாக இறங்கியது. பொறி தெறித்தது, அழுத்த அலை எழுந்தது, மயக்க மருந்தும் தேவைப்பட்டது. மின்னல் என்ற பெயர் அதற்குப் பொருத்தம்தான். அந்த மின்னலை அடக்கத்தான் ஹுவாங் குழு, தசையைத் துள்ளவைக்காத ரேடியோ அலைவரிசைக்குத் திரும்பியது. தொடவைத்துச் சுடுவதற்கு மின் அறுவைக்காரர்கள் வைத்த பெயரும் கூடவே வந்தது. முதல் கேள்வி தீர்ந்தது.

இரண்டாவது கேள்விக்கு விடை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. டேவிட் ஹெயின்ஸும் வாட்சனும் 1989இல் வெளியிட்ட ஆய்வை எழுத்தெண்ணிப் படித்தேன். நாயின் வலது கீழறைச் சுவரைத் தனியே எடுத்து, அதற்குள் திரவம் ஓடவிட்டு, மேலேயும் திரவம் தவழவிட்டு, மின்முனையை அழுத்திச் சுட்டு, ஒவ்வொரு தொலைவிலும் வெப்பத்தை அளந்தார்கள். மின்சாரம் நேரடியாகச் சுடுவது முனையை ஒட்டிய மெல்லிய படலத்தை மட்டும். அதற்கு அப்பால், தோசைக்கல்லின் சூடு மாவுக்குள் ஏறுவதுபோல, வெப்பம் மெல்லப் பரவுகிறது. சுமார் 50 டிகிரி செல்சியஸைத் தொட்ட தசை மீள்வதில்லை.

அடுத்த ஆண்டு வந்த ஆய்வு மறுமுனையைக் காட்டியது. வெப்பம் 100 டிகிரியைத் தொட்டால் ஈரம் கொதித்து, முனையில் ரத்தம் கட்டியாக ஒட்டி, மின்தடை சட்டென்று ஏறி, மின்சாரம் நின்றுபோகிறது. அந்த ஆய்வின் வரைபடத்தின் மீது விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். திசு உலர்வது சிகிச்சையின் நோக்கமல்ல. தவிர்க்க வேண்டிய பிழை. தேவைப்பட்டது 50க்கும் 100க்கும் இடைப்பட்ட பக்குவமான சூடு. அந்தச் சொல் மறைந்ததற்கு இதுவே காரணம் என்பது என் முடிவு.

1991இல் ஓக்லஹோமாவின் ஜாக்மன் குழு, பிறவியிலேயே உபரி மின்பாதை கொண்ட 166 நோயாளிகளில் 164 பேருக்கு அந்தப் பாதையை ரேடியோ அலைவரிசையால் அழித்ததாக எழுதியது. அந்தக் கட்டுரையின் தலைப்பில் உலர்த்தல் இல்லை.

சிகிச்சையின்போது திரையில் வெப்பத்துக்கு ஓர் எண்ணும் மின்தடைக்கு ஓர் எண்ணும் ஓடுகின்றன. மின்தடை ஏறினால் இயந்திரம் தானே நிற்கும். பெயரில்லாத அந்த நாய்கள் விட்டுச் சென்ற எச்சரிக்கை அது. படபடப்பு தீர்ந்து எழுந்து நடக்கும் ஒவ்வொருவரும் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.