துண்டு: பெயர முடியாதவர்களின் வரலாற்றில் ஒரு சீட்டு

துண்டு என்னும் சொல்லை நாம் பலவாறு வழங்குகிறோம். தோளில் கிடப்பது துண்டு. பாகம் பிரித்தபின் கைக்கு வரும் சிறு நிலமும் துண்டு. வரவை மீறிச் செலவு போனால் துண்டு விழுந்தது என்கிறோம். நூறாண்டுகளுக்கு முன்வரை இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது. இலங்கை மலைநாட்டுத் தோட்டத்துரைமார் தம் கடிதங்களிலும், அரசாங்கத்தார் தம் அறிக்கைகளிலும் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்தாண்ட தமிழ்ச்சொற்கள் சில உண்டு. கங்காணி அவற்றுள் ஒன்று, துண்டு மற்றொன்று. கங்காணியை வாசகர் அறிவர். துண்டைப் பெரும்பாலும் மறந்துவிட்டோம். ஒரு தோட்டத்தில் வேலை செய்துவந்த தமிழர் கூட்டம் இன்னொரு தோட்டத்துக்குப் பெயர வேண்டுமானால், அதற்கு வேண்டியிருந்த சீட்டின் பெயர் அது.

இந்தப் பழஞ்சீட்டை இப்போது எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் வகுப்பறைகளிலிருந்து ஆண்டுதோறும் பிள்ளைகள் வளைகுடாவுக்கும், சிங்கப்பூருக்கும், அமெரிக்காவுக்கும் போகிறார்கள். போகும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். போன இடத்தில் முதலாளி சரியில்லை என்றால் வேறிடம் மாற முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. இக்கேள்விக்குத் தமிழர் வாழ்வில் நீண்ட வரலாறு உண்டு.

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834 ஆகஸ்டு முதல் நாளில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு மாற்று ஆள் வேண்டியிருந்தது. மொரீசியசுக்கும், கரீபியத் தீவுகளுக்கும், பின்னர் நெட்டாலுக்கும் பிஜிக்கும் இந்தியர் ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தம். அதற்குள் முதலாளியை மாற்றும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. ஒப்பந்தத்தோடு அவனையும் இன்னொருவருக்கு மாற்றிவிட முதலாளிக்கு வழி இருந்தது.

இலங்கையின் கதை வேறு. அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடையாது. 1830களுக்குப் பின் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளினூடே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர் பலர். காப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1867-இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும், 1869-இல் காப்பியை இலைநோய் தாக்கத் தொடங்கியதும் நிலைமையை மாற்றின. தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். வந்தவர் குடும்பத்தோடு லயங்களில் தங்கலாயினர்.

சட்டத்தின் கண்ணில் இவர்கள் ‘சுதந்திரத் தொழிலாளர்’. இலங்கையின் 1865-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின்படி இவர்களுடைய ஒப்பந்தம் மாத ஒப்பந்தம். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் விலகலாம். மொரீசியசோடு ஒப்பிட்டுத் தோட்டத்துரைமார் பெருமைப்பட்டுக்கொண்டது இதைத்தான். ஆயின் அதே சட்டம் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்பியது. வேறொருவரிடம் கட்டுப்பட்ட ஆளென்று தெரிந்தே வேலைக்கு எடுப்பதையும் குற்றமாக்கியது. இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி வேலை ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற நிலை 1875-இல் நீங்கியது. அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாகவும் இலங்கைத் தமிழ்த் தொழிலாளிக்கு அது நீங்கவில்லை. ஒரே அரசின் கீழ் இரண்டு நீதி.

சட்டம் விட்டுவைத்த அந்த ஒரு மாத வாசலையும் அடைத்தது கடன். அங்குதான் கங்காணி வருகிறார்.

கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் அறக்கொடைகளையும் கணக்குகளையும் மேற்பார்க்கும் பொறுப்பைக் குறிக்க வழங்கிய மதிப்பான சொல். மலைத்தோட்டத்தில் அது ஆள் பிடித்து வந்து, ஆளை வேலை வாங்கி, ஆளுக்குக் கடன் எழுதுபவரின் பெயராயிற்று. சிறு கூட்டத்துக்குச் சில்லறைக் கங்காணி, அவர்களுக்கெல்லாம் மேலே பெரிய கங்காணி. பெரிய கங்காணி தோட்டத்துரையிடம் முன்பணம் பெற்று ஊருக்கு வருவார். ஊரில் ஒருவனுடைய பழைய கடனை அடைப்பார்; வழிச்செலவு, சோறு, துணி, கம்பளி என்று செலவிடுவார்; அத்தனையையும் அவன் பற்றில் எழுதுவார். அந்தப் பற்றில் என்ன எழுதியிருக்கிறதென்பது எழுத்தறியாதவனுக்குத் தெரிய வழியில்லை. ஊரிலிருந்து புறப்படும்போதே அவன் கடனாளி. அவன் கங்காணிக்குக் கடன்பட்டவன். கங்காணி துரைக்குக் கடன்பட்டவர். துரை கொடுத்த பணத்துக்கு ஈடு, பெரட்டுக்களத்தில் காலையில் வந்து நிற்கும் அந்த ஆட்களே.

கங்காணிக்குத் துரையோடு பிணக்கு வந்தால், அல்லது வேறு தோட்டத்தில் கூடுதல் முன்பணம் கிடைக்குமென்று தெரிந்தால், அவர் துண்டு கேட்பார். ‘இக்கங்காணியின் பற்றில் இவ்வளவு ரூபாய் நிற்கிறது, இத்தொகையைக் கட்டினால் அவரையும் அவர் ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம்’ என்னும் பொருள்படத் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அதுவே துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்பட்ட ஒரு துரை அத்தொகையைப் பழைய தோட்டத்துக்குக் கட்டிக் கூட்டத்தை அழைத்துக்கொள்வார்.

இதில் நடந்ததைக் கணக்காகவே பார்ப்போம். பழைய தோட்டத்தில் ஒரு கூட்டத்தின் பற்று ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். புதிய துரை ஆயிரத்தைக் கட்டுகிறார். மாறி வருவதற்குத் தூண்டுதலாகக் கங்காணிக்கு மேலும் இருநூறு தருகிறார். இப்போது கூட்டத்தின் பேரில் நிற்பது ஆயிரத்து இருநூறு. அடுத்த துண்டு இந்தத் தொகைக்குத்தான் எழுதப்படும். ஒவ்வொரு பெயர்ச்சியிலும் கடன் வளர்ந்தது. வளர்ந்த பங்கு கங்காணியின் மடிக்குப் போயிற்று. தொழிலாளியைக் கேட்டு இதெல்லாம் நடக்கவில்லை. அவன் லயத்திலிருந்து சட்டிபானையைக் கட்டிக்கொண்டு, எங்கே போகிறோமென்று வழியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான். பெயர்ச்சி உண்டு. அது அவனுடைய பெயர்ச்சியன்று. அவன் தனியே பெயர நினைத்தால் எந்தத் துரையும் துண்டு எழுதித் தரமாட்டார்.

தோட்டத்துரைமார் இம்முறையை விரும்பி ஏற்றனர் என்றும் சொல்லிவிட முடியாது. ஒருவர் செலவழித்துக் கொணர்ந்த ஆட்களை இன்னொருவர் இழுத்துக்கொண்டு போவது அவர்களுக்குப் பெருங்கவலை. அதே கவலை மலாயாவின் ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கும் இருந்தது. அங்கே 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஒன்றை ஏற்படுத்தினர். தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொருவரும், ஆளனுப்பி அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், அந்நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். கப்பற்செலவு அதிலிருந்து கொடுக்கப்படும். ஆகவே பினாங்கில் இறங்கும் தொழிலாளி பயணக் கடனின்றி இறங்கினான். 1910-இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறையும் கைவிடப்பட்டது. மலாயாத் தோட்டம் சொர்க்கமாயிற்று என்று இதற்குப் பொருளில்லை. கூலி உயராமற் பார்த்துக்கொள்ள முதலாளிகளுக்கு வேறு வழிகள் தெரிந்திருந்தன. ஆயினும் ஒன்று தெளிவு. வழிச்செலவை யார் தலையில் எழுதுவது என்பதை மாற்றியவுடன், ஒரு மாத முன்னறிவிப்பில் விலகும் உரிமை ஏட்டிலிருந்து ஓரளவு மண்ணுக்கு இறங்கிற்று.

இலங்கையில் இதற்கு மேலும் காலம் பிடித்தது. தொழிலாளர் கடன் பற்றி 1908-இல் ஓர் ஆணையம் சாட்சியங்களைத் திரட்டியது. சென்னை அரசாங்கத்தின் சார்பில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்று பார்த்த மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரின் அறிக்கை 1917-இல் வந்தது. இலங்கைக்குள்ளே சர் பொன்னம்பலம் அருணாசலம் தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கனுப்பும் சட்டப்பிரிவுகளை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1919-இல் தொழிலாளர் நலச் சங்கம் கண்டார். கடைசியில் 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு எழுதுவதையும் வாங்குவதையும் தடைசெய்தது. வேலையை விட்டதற்குச் சிறை என்பதும் போயிற்று.

துண்டு ஒழிந்தது, தொழிலாளி தன் விருப்பம்போலப் பெயர்ந்தானா? லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அன்றே வீடும் போகும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அரிசி, மருந்து எல்லாம் அத்தோட்டத்தோடு கட்டுண்டவை. தஞ்சையிலிருந்து போன கோ. நடேசய்யர் 1931-இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபோது, அவர் எதிர்த்து நின்ற கட்டுகள் சட்டப்புத்தகத்தில் மட்டும் இருந்தவையல்ல. பின்னர் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மூன்று தலைமுறையாக அம்மண்ணில் உழைத்தவர்களையும் நாடற்றவர்களாக்கியது. வேலை, வீடு, நாட்டில் தங்கும் உரிமை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டால், கயிற்றைப் பிடித்திருப்பவர் எவ்வளவு நல்லவர் என்பதைப் பொறுத்தே வாழ்வு அமையும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையைப் பற்றி நம் ஊர்களில் அறியாதார் குறைவு. பிணை நிற்றல் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். கஃபீல் என்பவர் அயல்நாட்டுத் தொழிலாளிக்குப் பிணை நிற்கிறார். அதனால் அத்தொழிலாளி நாட்டுக்குள் இருக்கலாம். நெடுங்காலம் கஃபீலின் ஆட்சேபமின்மைக் கடிதம் இல்லாமல் வேறு வேலைக்கு மாற முடியாதிருந்தது. சில நாடுகளில் அவர் சம்மதமின்றி ஊருக்குத் திரும்பவும் முடியவில்லை. சொல்லாமல் வெளியேறியவரை ‘ஓடிப்போனவர்’ என்று முதலாளி புகார் செய்தால், வேலை தேடிப் போனவர் அன்று மாலையே சட்டத்தை மீறிய குற்றவாளி. இலங்கைத் துரைமாரின் ஏடுகளிலும் இதே பெயரில் ஒரு பட்டியல் இருந்தது.

இம்முறையும் அசையாமல் நின்றுவிடவில்லை. பஹ்ரைன் 2009-இல் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாற வழிசெய்தது. 2011-இல் ஓராண்டாவது பழைய முதலாளியிடம் இருந்திருக்க வேண்டுமென்று அவ்வழியைச் சற்றுக் குறுக்கியது. கத்தார் 2018-இல் பெரும்பாலோருக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டை நீக்கி, 2020-இல் ஆட்சேபமின்மைக் கடிதத்தையும் நீக்கியது. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் தனியார் துறைத் தொழிலாளர் பலருக்கு இவ்வாறே தளர்த்தியது. வீட்டுப் பணியாளரும் வீட்டு ஓட்டுநரும் அத்தளர்வுக்குள் வரவில்லை. சட்டம் மாறிய இடங்களிலும், முகவரிடம் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் ஒரு மாதச் சம்பளம் தவறினாலும் தாங்கமாட்டார். 1865-இன் ஒரு மாத முன்னறிவிப்பை வாசகர் இங்கே நினைவுகூரலாம்.

அமெரிக்காவின் எச்-1பி விசாவில் போகும் பொறியாளரைத் தோட்டத் தொழிலாளியோடு நிறுத்துவது தகாது. அவர் கல்வியும் ஊதியமும் வேறு. திரும்பி வந்தால் இங்கும் அவருக்கு வேலை உண்டு. ஆனாலும் கயிற்றின் முடிச்சு ஒன்று பொதுவாக இருக்கிறது. அவ்விசா முதலாளியின் மனுவின்மேல் நிற்பது. 2000 அக்டோபரில் வந்த சட்டத்துக்கு முன், புதிய முதலாளியின் மனு ஏற்கப்படும்வரை புதிய வேலையில் சேரக் கூடாது. அச்சட்டத்துக்குப் பின் மனு கொடுத்தவுடனே சேரலாம் என்றாயிற்று. வேலை போனால் மாற்றிடம் தேட அறுபது நாள் வரை அவகாசம் 2017 சனவரியில்தான் விதியாக வந்தது. அந்த அறுபது நாளுக்குள் வாடகை வீடும், பிள்ளையின் பள்ளியும், மனைவியின் விசாவும் அடக்கம். நிரந்தரக் குடியுரிமைக்கான வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் இந்தியர், புதிய முதலாளியிடம் சில படிகளை மீண்டும் தொடங்க அஞ்சியே பழைய நாற்காலியில் அமர்ந்திருப்பதுண்டு.

நம் இலக்கியம் பிரிவைப் பாடியது போல வேறெதையும் பாடியதில்லை. பொருள்வயிற் பிரிவுக்குத் துறைகளே வகுத்தோம். போனவன் திரும்பும் வழியையும் கார்காலத்தையும் பாடினோம். போன இடத்தில் அவன் யாருடைய கைக்குள் இருந்தான் என்ற கேள்வி, புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யில் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோதுதான் நம் உரைநடைக்குள் வலுவாக வந்தது. மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களோ கங்காணியையும் துரையையும் கடனையும் முன்பே அறிந்திருந்தன. அப்பாடல்களைத் திரட்டித் தந்த சி.வி. வேலுப்பிள்ளைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

துண்டின் வரலாற்றை ஒரு பழங்கதையாக வகுப்பில் சொல்லி முடித்துவிடலாம். அதைவிட, வேலை ஆணையோடு நம்மிடம் வந்து நிற்கும் பிள்ளையிடம் சம்பளத்தை விசாரித்தபின் இன்னும் மூன்று கேள்விகள் கேட்பது பயனுடையது. பயணச்செலவும் முகவர் பணமும் யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன? கடவுச்சீட்டு யார் பெட்டியில் இருக்கும்? விலக வேண்டுமென்றால் யார் கையெழுத்து வேண்டும்? தொழிலாளியின் பெயர் எழுதப்படாத துண்டுகளால் நம் முன்னோர் பலர் மலையேறியும் மலை மாறியும் வாழ்ந்தார்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டபின் நம் பிள்ளைகள் விமானம் ஏறட்டும்.