வேன் எங்கே நிற்கிறது?

அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதி வரை டிவி செய்தி என்றால் பெரும்பாலும் 16 மி.மீ. பிலிம்தான். எடுத்ததை நிலையத்துக்குக் கொண்டோடி, கழுவி, காயவைத்து, வெட்டி ஒட்டணும். மத்தியானம் செத்தவனை ராத்திரிதான் ஊர் பார்க்கும். லாஸ் ஏஞ்சலஸின் கேடிஎல்ஏ நிலையம் மட்டும் 1958லேயே கேமராவை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டது. 1965இல் கறுப்பர்கள் வாழும் வாட்ஸ் பகுதியில் கலகம் மூண்டபோது ஆகாயத்திலிருந்து நேரடியாகக் காட்டினார்கள். புகை தெரிந்தது. ஓடுகிற தலை தெரிந்தது. தலைக்குள்ள என்ன கொதிச்சதுன்னு அவ்வளவு உயரத்திலிருந்து எப்படித் தெரியும்?

1974 மே 17. பத்திரிகை முதலாளி குடும்பத்துப் பெண் பாட்ரிசியா ஹெர்ஸ்டைக் கடத்திய சிம்பயனீஸ் விடுதலைப் படையினர், அதே ஊரின் கறுப்பர் பகுதியில், கிழக்கு 54ஆம் தெரு வீடொன்றில் பதுங்கியிருந்தார்கள். கேஎன்எக்ஸ்டி நிலையம் 'மினிகேம்' என்ற புதுக் கருவியோடு போனது.

அந்தக் காலத்து மினிகேமை நிறுத்துவது லேசுப்பட்ட வேலையில்லை. கேமரா தோளில், அதற்கான பெட்டி முதுகில், அங்கிருந்து கேபிள் வேனுக்கு. வேனின் மைக்ரோவேவ் தட்டை உயரத்திலுள்ள ரிசீவரைப் பார்த்துத் திருப்பணும். நடுவில் கட்டடமோ மேடோ மறைத்தால் படம் போச்சு. வெள்ளை அட்டையைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்கு முதலில் சொல்லணும். மற்ற நிறமெல்லாம் அதை வைத்துத்தான். (கருவியைக்கூட அப்படித்தான் பழக்கியிருக்கிறான்!)

ஆக வேன் நிற்கிற இடத்தை ஒட்டித்தான் செய்தி. வேன் எதுவரை வரலாம் என்று கோடு கிழிப்பவன் போலீஸ். நம்மாளுகளுக்கு இதை விளக்கணுமா என்ன?

துப்பாக்கிச் சண்டை, கண்ணீர்ப்புகை, வீடு எரிந்தது, எல்லாம் நேரடியாகப் போனது. மற்ற நிலையங்களும் அதே படத்தை ஓட்டின. உள்ளே ஆறு பேர் செத்தார்கள். ஹெர்ஸ்ட் டிஸ்னிலேண்ட் பக்கத்து விடுதியில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

1982இல் சோனியின் பீட்டாகேம் வந்தது. கேமராவும் பதிவுக் கருவியும் ஒன்றாயின. கேபிள் தொல்லை குறைந்தது, கோடு அப்படியே இருந்தது.

1991 மார்ச் 3 அன்று ரோட்னி கிங்கைப் போலீஸ் அடித்து நொறுக்கியதைப் பிடித்தது எந்த நிலையத்து வேனும் இல்லை. பால்கனியில் நின்ற ஒருவரின் வீட்டுக் கேமரா. நாடா போய்ச் சேர்ந்த இடம் அதே கேடிஎல்ஏ. மறு வருஷ விசாரணையில் போலீஸ் தரப்பு வக்கீல்கள் அதே நாடாவைப் பிரேம் பிரேமாக நிறுத்தி, ஒவ்வொரு அடிக்கும் நியாயம் சொன்னார்கள். 1992 ஏப்ரல் 29 அன்று, ஒருவர் மேலிருந்த ஒரு குற்றச்சாட்டில் மட்டும் முடிவு எட்டாமல், மற்றபடி நாலு போலீசும் விடுதலை. ஊர் பற்றி எரிந்தது. ஹெலிகாப்டர்கள் மறுபடியும் மேலே சுற்ற ஆரம்பித்தன.