பேய் எப்படி எந்திரத்துக்குள் வந்தது?

'கோஸ்ட் இன் தி ஷெல்' அனிமே பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் ஒரு கிண்டலில் பிறந்தது தெரியுமா?

மனமும் உடலும் வேறு வேறு என்றார் 17-ஆம் நூற்றாண்டில் டெக்கார்த். அதை 'எந்திரத்துக்குள் பேய்' என்று 1949-இல் கேலி செய்தார் ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் கில்பர்ட் ரைல். 1967-இல் ஆர்தர் கோஸ்ட்லர் அதையே தன் புத்தகத்துக்குத் தலைப்பாக்கினார். அங்கிருந்து ஜப்பானுக்கு! 1989-இல் மசாமுனே ஷிரோவின் மங்கா, 1995-இல் மமோரு ஓஷியின் படம்.

கதை நடப்பது 2029-இல். நாயகி மோட்டோகோவுக்கு மூளையைத் தவிர அநேகமாக எல்லாமே எந்திரம். வேலையை விட்டால் உடலையும், நினைவுகளில் ஒரு பகுதியையும் அரசிடம் திருப்பித் தரவேண்டும். இன்னொரு பக்கம், உடலே இல்லாத ஒரு புரோகிராம் தானும் ஓர் உயிர் என்று சொல்லி அரசியல் தஞ்சம் கேட்கிறது.

காமர்ஸ் படிக்கும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது 1897-இன் சாலமன் வழக்கு. உடம்பில்லாத கம்பெனியை, பங்குதாரர்களிடமிருந்து வேறான தனி 'நபர்' என்று அன்றே சட்டம் ஏற்றுவிட்டது. ஆனால் கம்பெனி ஒருநாளும் 'நான் யார்?' என்று கேட்டதில்லை. மோட்டோகோ கேட்கிறாள். அவள் உடலோ அரசின் சொத்துக் கணக்கில். அவளுக்கென்று மிஞ்சுவது ரைல் கேலி செய்த அந்தப் பேய் மட்டும்தான்.

அது யாருடைய சொத்து? நீங்களே சொல்லுங்கள்.