பெயருக்கு முன்னும் பின்னும்

வெளிநாடு செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தில் தடுமாறும் இடம் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டமாகும். அதில் தந்தை பெயரை எழுதுவதா, ஊர்ப் பெயரையா, 'நயினார்' என்றா, 'ஜெயின்' என்றா என்னும் ஐயம் பல இல்லங்களில் எழுகிறது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா விசாவில் வர இயலாது என ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது இவ்வையம் கவலையாகவே மாறிற்று. இது நம் மரபின் குறையன்று. இருவேறு பெயரிடும் முறைகள் எதிர்ப்படுவதால் விளைவது.

1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவையில் சமணத்தின் சார்பில் உரையாற்றியவர் வீர்சந்த் ராகவ்ஜி காந்தி. முதலாவது அவர் பெயர்; அடுத்தது தந்தையின் பெயர்; இறுதியில் நிற்பது வழிவழி வரும் குடும்பப் பெயர். பிராகிருதப் பேரறிஞர் ஆதிநாத நேமிநாத உபாத்யே அவர்களின் பெயரும் இவ்வாறே அமைந்தது. தீர்த்தங்கரர் இருவரின் திருநாமங்கள் அங்கே மகன் பெயராகவும் தந்தை பெயராகவும் இணைந்து நிற்கின்றன.

தமிழகத்து முறை வேறு. இங்கே ஊரும் உறவும் பெயருக்கு முன்னே நிற்கும். கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டான் மலையில் சேர இளவரசன் இளங்கடுங்கோ அமைத்துக் கொடுத்த கற்படுக்கையைக் கூறும் தமிழிக் கல்வெட்டு, அதைப் பெற்ற சமண முனிவரை யாற்றூர்ச் செங்காயபன் என ஊரை முன்வைத்தே குறிக்கிறது. கொடையளித்தவனும் பாட்டன், தந்தை என்னும் வரிசையிலேயே அறிமுகமாகிறான். கழுகுமலைக் கல்வெட்டுகளில் ஊரோடு ஆசிரியர் பெயரும் சேர்கிறது. இன்னாரின் மாணாக்கர் என்பதே துறவியருக்கு அடையாளம். மதுரைச் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனியைச் செய்வித்த குணமதியார், அச்சணந்தியின் தாயார் என்றே குறிக்கப்பெறுகிறார். அங்கே மகன் பெயர் தாய்க்கு முன்னே நிற்கிறது.

'நயினார்' என்பதும் தோற்றத்தில் குடும்பப் பெயரன்று. தலைவன், இறைவன் என்னும் பொருளுடைய மதிப்புச் சொல் அது. பிற சமூகத்தாரிடமும் வழங்குவது. நம் தனித்தன்மை பெரும்பாலும் இடுபெயரிலேயே தங்கியிருக்கிறது. அப்பாண்டைராஜன் என்று கேட்டவுடன் திருநறுங்கொண்டை நம் நினைவுக்கு வரும். தரணேந்திரன், பத்மாவதி என்றால் பார்சுவநாதரின் யக்ஷனும் யக்ஷியும் தோன்றுவர்.

எனினும் நம் முறையில் ஓர் இழப்பு உண்டு. தந்தையின் முழுப்பெயர் ஒரு முன்னெழுத்தாகச் சுருங்குகிறது. அடுத்த தலைமுறையில் பாட்டனார் பெயர் அறவே மறைகிறது. மணமான பெண்ணின் முன்னெழுத்து கணவர் பெயருக்கு மாறும்போது பிறந்த வீட்டின் தடமும் அழிகிறது. இன்று 'ஜெயின்' என்பதைப் பெயரின் பின் சேர்த்துக்கொள்வோரும் உளர். அது சமயத்தை அறிவிக்கும். ஆயின் ஊரையும் முன்னோரையும் அறிவியாது. தந்தை பெயரையே குடும்பப் பெயராக எழுதினால், ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் அமைந்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும் உடன்பிறந்தார் அனைவருக்கும் ஒரே முறையைக் கைக்கொள்வதும், பிறப்புச் சான்று முதல் கடவுச்சீட்டு வரை எழுத்து மாறாமல் காப்பதும் நலம். படிவத்தின் கட்டத்தில் அடங்காதவற்றை இல்லத்துக் குறிப்பேட்டில் எழுதுவோம்: தாய் தந்தையர், இருவழிப் பாட்டன் பாட்டியர், பூர்விக ஊர், அவ்வூர் ஜினாலயம், அதன் மூலவர். முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். புகளூர்ப் பாறையில் மூன்று தலைமுறைப் பெயர்கள் இன்றும் நிலைத்துள்ளன. நம் இல்லங்களிலோ மூன்றாம் தலைமுறையின் பெயரைச் சொல்லத் தயங்குவோர் பலர்.