கடை சாத்தும் நேரமும் ‘பத்துப் பேர்’ என்ற வரம்பும்: 2019 அரசாணைக்கு ஒரு மாற்று வாசிப்பு

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாட்களிலும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019 மே 28 அன்று ஆணையிட்டது. மூன்றாண்டுக்கு என்று வந்த அந்த அனுமதி 2022-லும் 2025-லும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு அணி. வணிகத்தின் மேல் கிடந்த பழைய பூட்டு திறந்தது என்பது ஓர் அணி. தொழிலாளியின் இரவு பறிபோனது என்பது மற்றது. முடிவில் எதிரெதிராக நின்றாலும் இரண்டும் ஆணையை ஒரே சட்டகத்தில் வைத்துத்தான் பார்க்கின்றன: ஒரு பக்கம் முதலாளி, மறுபக்கம் தொழிலாளி. ‘பத்துப் பேர்’ என்ற சொற்களை வெறும் நிர்வாக விவரமாக எண்ணி இரண்டுமே தாண்டிப் போய்விடுகின்றன. ஆணையின் உயிர்நிலை அந்தச் சொற்களில் இருக்கிறது என்பது என் வாதம். கடைக்கும் கடைக்கும் நடுவே அவை ஒரு கோடு கிழித்தன. அதற்கு முன் சட்டத்தில் அப்படியொரு கோடு இல்லை.

இதைக் காண 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் இலக்கணத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அரசு குறித்த நேரத்துக்கு முன் எந்தக் கடையும் திறக்கக் கூடாது, குறித்த நேரத்துக்குப் பின் எந்தக் கடையும் திறந்திருக்கக் கூடாது என்பது 7(1)-ஆம் பிரிவு. சாத்தும் நேரத்தில் வாசலில் காத்துநிற்கும் வாடிக்கையாளருக்குக் கால் மணி நேரச் சலுகை தரும் அளவுக்கு நுணுக்கமாக எழுதப்பட்ட பிரிவு அது. ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுதாக மூடியிருக்க வேண்டும், அந்த நாளைக் கடையில் எழுதி மாட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் அதை மாற்றக் கூடாது என்பது 11(1). இரண்டிலும் எழுவாய் ‘கடை’. வேலையாள் வருவது 11(2)-இல்தான்: கடையில் வேலைசெய்பவருக்கு வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை. சட்டத்தை எழுதியவர்கள் கடையின் ஓய்வையும் ஆளின் ஓய்வையும் வேறு வேறு வாக்கியங்களில் வைத்தார்கள். ஒன்று மற்றொன்றின் துணைவிதி என்றால் இரண்டு வாக்கியம் தேவைப்பட்டிருக்காது.

ஆளே வைக்காத கடைக்கு முதல் வாக்கியம் எதற்கு? இந்தக் கேள்வி பஞ்சாபிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தானும் குடும்பத்தாருமாகப் புத்தகக் கடை நடத்திய ஒருவர், வார அடைப்பு நாளில் கடை திறந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு வழக்காடினார். கூலிக்கு ஆள் இல்லாத இடத்தில் தொழிலாளர் நலச் சட்டத்துக்கு என்ன வேலை என்பது அவர் கேள்வி. 1960-இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வேலையாளின் உடல்நலத்தோடு, அளவுக்கு மீறி உழைக்கும் கடைக்காரரின் உடல்நலத்தையும் காப்பது சட்டத்தின் நோக்கம் என்றது. அது வேறொரு மாநிலத்தின் சட்டம் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் ‘கடை மூடியிருக்க வேண்டும்’ என்ற வாக்கிய அமைப்புக்கு நம் நீதிமன்றங்கள் தந்த பொருளை அது தெளிவாகக் காட்டுகிறது. அந்தப் பொருளின்படி அடைப்பு நேரம் எல்லாருக்கும் பொதுவான ஒரு கடிகாரம். பெரிய ஜவுளிக்கடை ஷட்டரை இறக்கும்போது தெருமுனை அண்ணாச்சியும் கல்லாவைப் பூட்டலாம். இவர் தூங்கப் போனதால் அவருக்கு வியாபாரம் கூடிவிடப் போவதில்லை. கடைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டு உறக்கத்தை இழக்காமலிருக்க அரசு நடுவே நின்றது.

இப்போது 2019-க்கு வருவோம். பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது? மத்திய அமைச்சரவை 2016 ஜூனில் ஒப்புதல் தந்த மாதிரிச் சட்ட முன்வரைவு, பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கே தான் பொருந்தும் என்று தொடங்குகிறது. ஆண்டு முழுதும் திறந்திருக்கலாம், உரிய பாதுகாப்புடன் பெண்கள் இரவில் வேலை செய்யலாம் என்பவையும் அதிலேயே உண்டு. எண் ஒத்துப்போவது மட்டுமே மூலத்தை நிறுவிவிடாது. ஆனால் எண்ணும், ஆண்டு முழுத் திறப்பும், பெண்களின் இரவு வேலைக்கான நிபந்தனைகளும் மூன்றுமாக ஒரே கட்டாக வந்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

மாதிரி முன்வரைவில் அந்த எண் செய்யும் வேலை என்ன என்பதுதான் முக்கியம். அங்கே அது சட்டத்தின் நுழைவாயில். பத்துக்குக் கீழே இருப்பவரைச் சட்டம் தொடுவதே இல்லை. அவருக்குப் படிவமும் கிடையாது, கடமையும் கிடையாது, அடைப்பு நேரமும் கிடையாது. இந்த வழியில் போன மகாராஷ்டிரம் 2017-இல் பழைய சட்டத்தையே நீக்கிப் புதிய சட்டம் இயற்றியது. பத்துக்குக் குறைவான ஆட்களை வைத்திருப்பவர் தொழில் தொடங்கியதைத் தெரிவித்தால் போதும் என்று அச்சட்டம் அப்போது விதித்தது. தமிழ்நாடு 1947-இன் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டது. அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவு அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் தருகிறது. அந்த விலக்குக்கு இந்த எண் வரம்பானது. நுழைவாயிலில் இருந்த எண்ணை எடுத்து வெளியேறும் வாசலில் பதித்தார்கள். எண் மாறவில்லை, பொருள் தலைகீழானது. அங்கே சிறியவரை விடுவித்த பத்து, இங்கே பெரியவரை விடுவித்துச் சிறியவரைப் பழைய கடிகாரத்தின் கீழ் விட்டுவிட்டது. குடும்பத்தாரைச் சேர்த்து எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், நம் ஊர் மளிகைக் கடையோ, செல்போன் பழுதுபார்க்கும் கடையோ, ஸ்டேஷனரிக் கடையோ பத்தைத் தொடுவது அரிது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆணை வெறும் அனுமதி அல்ல, நிபந்தனைகளின் தொகுப்பு: சுழற்சி முறையில் வார விடுமுறை, அன்று விடுப்பில் இருப்போர் பெயர்ப் பட்டியல் கடையில் தெரியும்படி, கூடுதல் நேர ஊதியத்தோடு சம்பளம் வங்கிக் கணக்கில், நாளுக்கு எட்டு மணி நேர வேலை, இரவுப் பணிக்கு ஒப்பும் பெண்களுக்குப் பாதுகாப்பும் போக்குவரத்தும். மூன்று பேர் இருக்கும் கடையால் இவற்றை நிறைவேற்ற முடியுமா? முடியாதவரை விலக்கி வைத்ததுதான் தொழிலாளருக்கான காப்பு என்பது வாதம். நாலைந்து ஆட்களைச் சொந்த ஊரிலிருந்து அழைத்துவந்து, கடைக்கு மேலேயே தங்கவைத்து, விடியற்காலைப் பால் பாக்கெட்டிலிருந்து இரவு வரை வேலை வாங்கும் கடைகளைப் பார்த்தவர் எவரும் இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நானும் தள்ளவில்லை. அத்தகைய கடைக்கு நள்ளிரவுத் திறப்பைத் தந்தால் அந்தப் பையன்களின் உறக்கம்தான் போகும்.

ஆனால் இந்த வாதம் ஒன்றிலிருந்து ஒன்பது வரைதான் செல்லும், பூஜ்யத்தில் நின்றுவிடுகிறது. கணவனும் மனைவியும் மட்டும் நடத்தும் கடையில் நிபந்தனைகளால் காக்கப்பட வேண்டிய வேலையாள் யார்? ஒருவரும் இல்லை. அப்படியானால் அந்தக் கடை சாத்தியிருக்க வேண்டிய காரணம் பஞ்சாப் வழக்கில் சொல்லப்பட்ட காரணம் மட்டுமே: கடைக்காரரின் சொந்த உடல்நலம், அதைச் சாத்தியமாக்கும் பொதுக் கடிகாரம். அந்தப் பொதுமையைத்தான் ஆணை உடைத்துவிட்டது. பெரிய கடை விடிய விடியத் திறந்திருக்கும் தெருவில், தம்பதியின் கடையைச் சாத்தச் சொல்லும் விதி அவர்களுக்கு ஓய்வாக வந்து சேராது. கைவிட்டுப்போன வியாபாரமாகவே வரும். விதியின் சொல் அப்படியே இருக்கிறது, அதன் நியாயம் மட்டும் வெளியேறிவிட்டது.

இந்தச் சட்டத்தை யார் மதிக்கிறார்கள், சின்னக் கடைகள் எப்படியும் திறந்துதானே இருக்கின்றன என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு மறுப்பு. இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. அமலாகாத விதி செத்த விதி ஆகிவிடாது. ரோந்து வரும் காவலர் ‘கடையைச் சாத்து’ என்று சொல்லும்போது ஆணையின் நகலைக் காட்டக் கூடியவர் யார், பேச்சின்றி விளக்கை அணைப்பவர் யார் என்பதைப் பிரிப்பது அதே பத்துதான்.

வரம்பு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இதே சட்டத்தில் 2024 ஜூலை முதல் பதிவு கட்டாயமானபோதும் பத்துப் பேர் என்ற வரம்பு வந்தது. அங்கே அது சிறியவரைப் படிவங்களிலிருந்து விடுவித்தது, அது சரி. 2021-இல் சேர்ந்த 22-அ பிரிவு, வேலைக்கு நடுவே உட்கார இருக்கை தர வேண்டும் என்று எல்லா நிறுவனங்களையும் பணித்தது. அங்கே எண்ணே இல்லை, அதுவும் சரி, ஏனென்றால் ஒற்றை ஆளுக்கும் கால் வலிக்கும். சுமையில் விலக்குத் தரும் எண்ணையும் உரிமையில் விலக்கிவைக்கும் எண்ணையும் ஒன்றாகக் கருதியதுதான் 2019 ஆணையின் பிழை. ஆறாண்டில் இருமுறை நீட்டித்தபோதும் அது அப்படியே நகலெடுக்கப்பட்டது.

விலக்கின் அளவை ஆட்களின் எண்ணிக்கையிலிருந்து பிரித்து எழுத 6-ஆம் பிரிவு இடம் தருகிறது. எந்த வகை நிறுவனத்துக்கும், எந்தப் பிரிவிலிருந்தும், எந்த நிபந்தனையோடும் விலக்களிக்கலாம் என்பதே அதன் அமைப்பு. ‘பத்துப் பேரோ அதற்கு மேலோ’ என்பதோடு ‘கூலிக்கு ஆள் வைக்காத கடைகளும்’ என்று சேர்க்கச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரையுள்ள கடைகளைப் பொறுத்தவரை, 11(1)-இன் அடைப்பு நாளிலிருந்து மட்டும் விலக்கு தந்து, 11(2)-இன் ஆள் விடுமுறையையும் இரவு அடைப்பையும் அப்படியே வைக்கலாம். இரண்டு ஆள் உள்ள கடையிலும் மாறி மாறி விடுப்பு எடுக்க முடியும். இப்போதைய அனுமதி 2028-இல் முடிகிறது. அடுத்த ஆணையின் வரைவு மேசைக்கு வரும்போது 1947-இன் அந்த இரண்டு வாக்கியங்களும் ஏன் தனித்தனியே எழுதப்பட்டன என்ற கேள்வியிலிருந்து அது தொடங்க வேண்டும்.